இழுவை வலையும் இறாலும்: மேற்குக் கரையில் நடப்பது என்ன?

கோல செப்பெத்தாங், பாகான் பாசிர், கோல சிலாங்கூர் போன்ற மேற்குக் கரைப் பட்டணங்களில் இறங்கும் கடல் இறாலில் பெரும்பகுதி 'புக்காட் துண்டா' எனப்படும் இழுவை வலையில் பிடிபடுவதாகும். குளத்தில் வளர்க்கும் இறால் வேறு கணக்கு.

படகு புனல் வடிவ வலை ஒன்றைக் கடலடியில் இழுத்துச் செல்கிறது. வலையின் வாயில் இருபுறமும் கட்டிய கனத்த பலகைகள் தண்ணீரின் விசையால் விலகி அதை விரித்து வைக்கின்றன. அடிக்கயிற்றின் கனமும் சங்கிலியும் சேற்றைக் கிளற, பதுங்கியிருக்கும் இறால் துள்ளி எழுந்து வலைக்குள் போய்விடும். இறாலோடு மற்றவையும் போய்விடுவதுதான் சிக்கல். வெப்ப மண்டலக் கடல்களில் ஒரு கிலோ இறாலுக்கு 5 கிலோ, சில இடங்களில் 10 கிலோவுக்கு மேலும் வேறு உயிர்கள் சிக்குகின்றன. அவற்றில் பல, வளர்ந்தால் நல்ல விலை போகும் மீன்களின் குஞ்சுகள்.

இவற்றை இங்கே 'ஈக்கான் பாஜா' (உர மீன்) என்பார்கள். முன்பு கடலிலேயே கொட்டினார்கள். இப்போது வளர்ப்பு மீனுக்கும் தீவனத்திற்கும் விற்கிறார்கள். வீணாகவில்லை என்று சொல்லலாம். ஆனால் குஞ்சுக்கும் காசு கிடைக்கும்போது வலையின் கண்ணைப் பெரிதாக்க யாருக்கு மனம் வரும்? வால்பைக் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டு விதி.

உண்மையில் இறால் இனம் அவ்வளவு எளிதில் அழியாது. ஒரு பெண் இறால் லட்சக்கணக்கில் முட்டையிடும்; ஆயுளோ ஏறக்குறைய ஓராண்டுதான். கடலில் பொரிக்கும் குஞ்சு கழிமுகத்துக்கு வந்து, கண்டல் வேர்களிடையே வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். அதனால்தான் பேராக்கின் மாத்தாங் கண்டல் காடு, சுமார் 40,000 ஹெக்டர், மீனவருக்கு முக்கியம். மெதுவாக வளரும் திருக்கைக்கும் சுறாவுக்கும் இந்த வசதி இல்லை.

1960களில் இழுவைப் படகுகள் பெருகியபோது கரையோரச் சிறு வலைக்காரர்களுடன் மோதல் வெடித்தது. படகுகள் எரிக்கப்பட்டன, உயிர்களும் போயின. அதன் விளைவாக வந்த மண்டல முறைப்படி, கரையிலிருந்து 5 கடல் மைல் (சுமார் 9 கிலோமீட்டர்) வரை பாரம்பரிய வலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. 40 டன்னுக்குக் குறைந்த இழுவைப் படகு அதற்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். பின்னாளில் சில மாநிலங்களில் எல்லை மாற்றப்பட்டது. எல்லை தாண்டுவது பழைய புகார்; இறால் ஆழமற்ற நீரில் கூடுவதால் அந்த ஆசை எளிதில் போகாது.

ஆமை விவகாரம் தனிக் கதை. ஆமை தப்பிக்கும் கருவி என்பது வலைக்குள் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம். இறால் கம்பிகளுக்கிடையே நழுவிப் பின்னால் போக, ஆமை சட்டத்தில் மோதி வழித்திறப்பில் வெளியேறும். இது இல்லாத நாடுகளின் கடல் இறாலை அமெரிக்கா தடுத்தது. அதை எதிர்த்து 1996இல் மலேசியா, இந்தியா, தாய்லாந்து, பாகிஸ்தான் நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1998இல் தீர்ப்பு, தடையை அமல்படுத்திய விதம் பாரபட்சமானது என்றது. அமெரிக்கா திருத்திக்கொண்டதும் மலேசியா மட்டும் மீண்டும் வழக்காடி 2001இல் தோற்றது. 2018 ஜூனில் மலேசியக் கடல் இறாலுக்கு அமெரிக்கா மறுபடியும் கதவடைத்தது. கருவி பொருத்தினால் பிடிபட்டதும் ஓட்டை வழியே போய்விடும் என்பது மீனவர்களின் பயம். சட்டத்தைச் சரியான கோணத்தில் பொருத்தினால் இறால் இழப்பு சொற்பமே. குப்பையும் பெரிய திருக்கையும் குறைவதால் வலையைப் பிரித்தெடுக்கும் வேலையும் குறையும்.