தெருவின் நிதியும் நகரின் நிலைபேறும்: அகமதாபாத் வரலாறு தரும் பாடம்

ஒரு நகரைக் கட்டுவது ஒரு தலைமுறையின் முயற்சி. அதைப் பேணுவது பல தலைமுறைகளின் கடன். புதிய சாலைக்கும் குழாய்க்கும் முதற்பணம் எவ்வாறேனும் கிடைத்துவிடுகிறது. அரசு கொடுக்கும், வங்கி கடன் தரும், செல்வர் ஒருவர் தம் பெயர் விளங்க வழங்குவார். முப்பது ஆண்டுகள் கழித்து அதே குழாய் துருப்பிடித்து உடையும் பொழுது, அதனைச் செப்பனிடும் பணம் எங்கிருந்து வரும் என்பதே நகரங்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் வினா. இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு விடை கண்ட நகரமாகக் குஜராத்தின் அகமதாபாத் விளங்குகிறது. அவ்விடைகள் சிலவற்றை ஆக்கியதில் சமண இல்லறத்தாருக்குப் பெரும்பங்கு உண்டு. அவற்றின் குறைகளும் அந்நகர வரலாற்றிலேயே பதிந்துள்ளன.

போள் என்னும் குடியிருப்பு

சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் 1411ஆம் ஆண்டு சுல்தான் அகமது ஷா இந்நகரை நிறுவினார். மதிலுக்குள் வளர்ந்த பழைய நகரின் அடிப்படை அலகு ‘போள்’ எனப்படும். ஒற்றை வாயிற்கதவு, அதன் உள்ளே வளைந்து செல்லும் குறுந்தெரு, இருமருங்கும் சுவரோடு சுவர் ஒட்டிய மாடிவீடுகள், நடுவே பறவைகளுக்குத் தானியம் இடும் ‘சபூத்ரோ’ என்னும் செதுக்குத் தூண், ஓரிடத்தில் கோயில் ஆகியவை சேர்ந்ததே ஒரு போள். பல வீடுகளில் முற்றத்தின் கீழே மழைநீரைச் சேர்த்து வைக்கும் ‘டாங்கா’ என்ற நிலத்தடித் தொட்டி இருந்தது. ஒரு போளில் பெரும்பாலும் ஒரே குலத்தினரோ ஒரே தொழிலினரோ வாழ்ந்தனர்.

கட்டட அழகைக் காட்டிலும் வியப்புக்குரியது போளின் கணக்குமுறை. ஒவ்வொரு போளுக்கும் ஒரு பஞ்சாயமும் பொதுநிதியும் இருந்தன. போளுக்குள் ஒரு வீடு விற்கப்பட்டால், வாங்குபவர் பொதுநிதிக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும். திருமணம் போன்ற மங்கல நிகழ்ச்சிகளின் பொழுதும் அந்நிதிக்குக் காணிக்கை சேர்ந்தது. வாயிற்காவலனின் கூலி, கதவின் பழுது, தெருவின் துப்புரவு, விளக்கு, கிணறு ஆகிய அனைத்தும் அந்நிதியிலிருந்தே நடந்தன. அரசனிடம் விண்ணப்பிக்க வேண்டிய தேவை எழவில்லை.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. தெரு தூய்மையாகவும் காவலோடும் இருந்தால் வீட்டின் விலை உயரும். உயர்ந்த விலையில் வீடு கைமாறும் பொழுது, அவ்வுயர்வில் ஒரு சிறு பங்கு தெருவுக்கே திரும்பிவிடும். மதிப்பை உண்டாக்கிய பொதுவிடம் தன் பராமரிப்புக்கான பொருளை அம்மதிப்பிலிருந்தே பெற்றுக்கொண்டது.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். வீடு விற்கும் பொழுது போளினருக்கே முதலுரிமை தரப்பட்டது. அயலார் எளிதில் உள்ளே வர இயலவில்லை. நிதியைக் காத்த வாயிற்கதவே பிற குலத்தாரையும் பிற சமயத்தாரையும் எளியோரையும் வெளியே நிறுத்தியது. தன்னைத் தானே தாங்கிய தெரு, தன்னைப் போன்றோரை மட்டுமே தாங்கியது.

மகாஜனமும் நகர்சேட்டும்

தெருவுக்குப் போள் எவ்வாறோ, வணிகத்துக்கு ‘மகாஜன்’ என்னும் வணிகக் குழு அவ்வாறு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மகாஜன் இருந்தது. புதிதாகத் தொழிலில் சேர்பவர் நுழைவுத்தொகை கட்டினார். விடுமுறை நாளில் எல்லாக் கடைகளும் அடைக்கப்படும். ஒரே ஒரு கடையைத் திறக்கும் உரிமை மட்டும் ஏலம் விடப்பட்டு, அதில் கிடைத்த பணம் குழுவின் நிதியில் சேர்வதும் உண்டு. கோயில், சத்திரம், நோயுற்ற விலங்குகளைக் காக்கும் பாஞ்சராப்போள் போன்றவற்றுக்கு இந்நிதிகள் பயன்பட்டன.

இக்குழுக்களுக்கெல்லாம் தலைவராக ‘நகர்சேட்’ விளங்கினார். இப்பதவி நெடுங்காலம் சுவேதாம்பர சமணரான சாந்திதாஸ் சவேரியின் வழியினரிடம் இருந்தது. 1725ஆம் ஆண்டு மராத்தியப் படை நகரைச் சூறையாட நெருங்கிய பொழுது, அம்மரபில் வந்த குசால்சந்த் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து நகரைக் காத்தார். அதற்கு நன்றியாக, நகரில் முத்திரையிடப்படும் சரக்கின் மதிப்பில் நூறு ரூபாய்க்கு நான்கணா வீதம் அவருக்கும் அவர் வழியினருக்கும் வழங்க வணிகக் குழுக்கள் இசைந்தன. ஒருவர் ஈந்த பெரும்பொருளைப் பல்லாயிரவர் சிறுதுளியாகத் திருப்பிச் செலுத்திய ஏற்பாடு இது. இன்றைய மொழியில் கூறினால், நகரம் பட்ட கடனுக்கு வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்தது.

மதிலைப் புதுக்கிய வரி

1818ஆம் ஆண்டளவில் நகர் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. பழுதுற்றுக் கிடந்த மதிலைச் செப்பனிட 1830களில் அதிகாரிகளும் நகரப் பெரியோரும் சேர்ந்த ஒரு குழு அமைந்தது. நெய் முதலான பண்டங்களின் மீது ஒரு சிறு தீர்வை விதிக்கப்பட்டு, அதில் சேர்ந்த பணத்தால் மதில் புதுக்கப்பட்டது. வேலை முடிந்த பின்னரும் நிதி எஞ்சியது. அதைக் கொண்டு தெருக்களில் நீர் தெளித்தல், விளக்கேற்றுதல் முதலிய பணிகள் தொடர்ந்தன. பின்னாளில் நகராட்சியாக வளர்ந்த அமைப்பின் வித்து இந்த மதில் நிதியே.

அதே காலத்தில் தில்லி வாயிலுக்கு வெளியே, பதினைந்தாம் தீர்த்தங்கரர் தர்மநாதருக்குச் சேட் அதீசிங் கேசரிசிங் வெண்பளிங்குக் கோயில் எழுப்பத் தொடங்கினார். அவர் மறைந்த பின் அவருடைய துணைவி அர்குன்வர் சேட்டாணி பணியை முன்னின்று நடத்தினார். 1848இல் கோயில் நிறைவெய்தியது. பஞ்சம் நிலவிய அந்நாளில் கைவினைஞர் பலருக்கு அத்திருப்பணி வாழ்வளித்தது என்று கூறுவர்.

1861இல் ரண்சோட்லால் சோட்டாலால் நிறுவிய முதற் பஞ்சாலை ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் நகராட்சித் தலைவராகவும் அமர்ந்த அவர், குழாய்நீரையும் பாதாளச் சாக்கடையையும் கொணர முனைந்தார். வரி உயரும் என்று அஞ்சிய வீட்டுடைமையாளர் பலர் கடுமையாக எதிர்த்தனர். தூய கிணறும் தொட்டியும் தமக்கு இருக்க, ஊருக்கெல்லாம் குழாய் எதற்கு என்பது போள்வாசியின் எண்ணம். தெருவின் எல்லைக்குள் செவ்வையாக இயங்கிய பொதுமனம் நகரின் எல்லைக்கு விரியத் தயங்கியது. 1890களின் தொடக்கத்தில் குழாய்நீர் வந்த பின்னரே அத்தயக்கம் மெல்லத் தளர்ந்தது.

நிலத்தைப் பகிர்ந்த சட்டம்

ஆலைகள் பெருகின, மக்கள் பெருகினர். 1901இல் ஏறத்தாழ 1.85 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1941இல் 5.9 லட்சத்தை எட்டியது. மதிலுக்கு வெளியே வயல்வெளியில் வீடுகள் முறையின்றி எழலாயின. இந்நிலையில் 1915ஆம் ஆண்டின் பம்பாய் நகரமைப்புச் சட்டம் வந்தது. இந்தியாவின் முதல் நகரமைப்புச் சட்டம் இதுவே.

இதன் முறை எளியது. ஒரு பகுதியின் நிலங்கள் எல்லாம் வரைபடத்தில் ஒன்றாகச் சேர்க்கப்படும். சாலை, பூங்கா, பள்ளி ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கிய பின், எஞ்சியது செவ்விய மனைகளாகப் பழைய உடைமையாளருக்கே திருப்பித் தரப்படும். எடுத்துக்காட்டாக, நூறு குழி கோணல் நிலம் வைத்திருந்தவர் எழுபது குழி மனையைப் பெறுவார். ஆயினும் சாலையும் நீரும் வந்தமையால் எழுபதின் விலை பழைய நூறின் விலையைக் கடந்துவிடும். அவ்விலையுயர்வில் பாதி வரை நகராட்சி பங்காகப் பெற்று, சாலைக்கும் குழாய்க்கும் செலவிடலாம். உடைமையாளர் வெளியேற்றப்படுவதில்லை, நகராட்சியும் பெருங்கடனில் வீழ்வதில்லை. போள் பஞ்சாயம் வீட்டு விற்பனையில் பெற்ற சிறுபங்கின் தத்துவமே நகரளவில் சட்டவடிவம் எய்தியது எனலாம்.

1924 முதல் 1928 வரை நகராட்சித் தலைவராக இருந்த வல்லபாய் படேல் காலத்தில் நகர விரிவாக்கம் ஊக்கம் பெற்றது. எல்லிஸ் பாலத்தின் மறுகரையில் புதிய குடியிருப்புகளும் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களும் தோன்றின. அக்கரையில்தான் கஸ்தூர்பாய் லால்பாய் முதலிய ஆலையதிபர்கள் 1930களில் நிறுவிய அகமதாபாத் கல்விச் சங்கம் நிலம் வாங்கிக் கல்லூரிகளை அமைத்தது. சமணச் சுவடிகளைக் காக்கும் லால்பாய் தல்பத்பாய் இந்தியவியல் நிறுவனமும் பின்னர் அங்கே எழுந்தது.

இம்முறையின் பெருங்குறை காலதாமதம். சில திட்டங்கள் முடிவுபெறப் பத்தாண்டுகளும் இருபதாண்டுகளும் சென்றன. தொடக்கத்தில் கணக்கிட்ட பங்குத்தொகை, வசூலிக்கும் நாளில் பண மதிப்பு வீழ்ந்து சிறு காசாகிவிடும். இதனை உணர்ந்த குஜராத் அரசு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை 1999இல் திருத்தி, சாலைக்குரிய நிலத்தை முன்கூட்டியே கைக்கொள்ள வழி செய்தது. திட்டப் பரப்பில் ஒரு பகுதியை விற்றுக் கட்டமைப்புக்குப் பணம் திரட்டவும், ஒரு பகுதியை எளியோர் வீடுகளுக்கு ஒதுக்கவும் சட்டம் இடமளித்தது. நகரைச் சுற்றி 76 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்த சுற்றுச்சாலையின் நிலத்தில் பெரும்பகுதி இவ்வழியில் பெறப்பட்டது.

ஆலைகள் மூடிய பின்

1980களில் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்கள் மாதச் சம்பளத்தை இழந்தன. 1990களின் தொடக்கத்தில் மாநகராட்சியும் பற்றாக்குறையில் ஆழ்ந்தது. ஒரே தொழிலை நம்பிய நகரம் அத்தொழிலோடு வீழ்ந்திருக்க வேண்டும். அது வீழாமைக்கு இரண்டு முயற்சிகள் துணைநின்றன.

முதலாவது, மாநகராட்சி தன் வரிகளைச் செவ்வையாக வசூலிக்கத் தொடங்கியது. நுழைவு வரியிலும் சொத்து வரியிலும் இருந்த கசிவுகள் அடைக்கப்பட்டன. சில ஆண்டுகளில் பற்றாக்குறை உபரியாயிற்று. அந்நம்பிக்கையில் 1998 ஜனவரியில் மாநில அரசின் உத்தரவாதம் இன்றியே 100 கோடி ரூபாய்க்கு மாநகராட்சிக் கடன்பத்திரம் வெளியிட்டது. உத்தரவாதமின்றி வெளிவந்த இத்தகைய பத்திரம் இந்தியாவில் இதுவே முதன்மையானது.

இரண்டாவது முயற்சி எளியோரிடமிருந்து எழுந்தது. இலா பட் தலைமையில் 1974ஆம் ஆண்டு 4,000 உழைக்கும் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்காக இட்டுச் சேவா வங்கியைத் தொடங்கினர். 1995இல் ‘பரிவர்த்தன்’ என்னும் குடிசைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் பிறந்த பொழுது, ஒவ்வொரு குடும்பமும் 2,000 ரூபாயைத் தன் பங்காகவும் 100 ரூபாயைப் பராமரிப்புக்காகவும் செலுத்தியது. அப்பணத்தைச் சேமிக்கவும் கடனாகப் பெறவும் சேவா வங்கி உதவியது. குழாய், கழிப்பறை, சாக்கடை, தளமிட்ட தெரு, விளக்கு ஆகியவை வந்தன. பத்தாண்டுகளுக்கு வெளியேற்றுவதில்லை என்று மாநகராட்சி உறுதி கூறியது. அவ்வுறுதி கிடைத்த பின் மக்கள் தம் கூரைகளையும் சுவர்களையும் தாமே திருத்தினர். வீடு நிலைக்கும் என்று நம்புபவரே வீட்டில் முதலிடுவர்.

இக்கதை முழுவதும் வெற்றியன்று. ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டத்துக்காக அங்கு வாழ்ந்த எளிய குடும்பங்கள் பல ஆயிரம் இடம்பெயர்க்கப்பட்டன. 1969, 1985, 2002 ஆம் ஆண்டுகளின் வகுப்புக் கலவரங்கள் அண்டை அயலாரைப் பிரித்தன. நிதிக் கணக்கில் வலுவான நகரம் நெஞ்சுறவில் வலுவானதாகவே இருக்கும் என்று கூற இயலாது. 2007இல் நுழைவு வரி நீக்கப்பட்டதும், சொந்த வருவாயின் பெரும்பகுதி போய், அதற்கு ஈடாக மாநில அரசின் மானியத்தை எதிர்நோக்கும் நிலையும் வந்தது.

எஞ்சும் வினா

2017இல் அகமதாபாத்தின் பழைய நகரை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இந்தியாவில் இச்சிறப்பை முதலில் பெற்ற நகரம் அதுவே. ஆனால் போள்களில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வாரிசுகள் பலராகி, யார் செப்பனிடுவது என்று முடிவாகாத வீடுகள் உள. வாடகைச் சட்டத்தால் வருவாய் உறைந்து, உடைமையாளர் கைவிட்ட வீடுகளும் உள. சரக்குக் கிடங்காக மாறியவை பல. செல்வம் ஆற்றைக் கடந்து மேற்கே சென்றது. தெருவின் நிதிக்குக் காணிக்கையிட எஞ்சியவர் சிலரே.

இந்நிலை தமிழ்ச் சமணருக்குப் புதிதன்று. வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களின் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்து இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகின்றன. திருவிழாவுக்கு ஊர் நிறைகிறது, நன்கொடையும் சேர்கிறது. விழா முடிந்த மறுநாள் தெருவிளக்குக்கும் குளக்கரைக்கும் பூட்டிய வீட்டின் ஓட்டுக்கும் பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி. திருப்பணிக்கு ஒருமுறை தரும் பெருந்தொகை போற்றத்தக்கது. ஆண்டுதோறும் தவறாது வரும் சிறுதொகையே கூரையைக் காக்கும். வீடு கைமாறும் பொழுதும் மணவிழா நிகழும் பொழுதும் ஊர்ப்பொதுவுக்கு ஒரு பங்கு என்ற போள்வாசிகளின் பழைய ஏற்பாட்டை, அதன் வாயிற்கதவை மட்டும் யாவருக்கும் திறந்துவைத்து, மீண்டும் எண்ணிப் பார்ப்பதில் பயன் உண்டு.