இழுவைத் தூண்டிலுக்குப் போலி இரை தெரிவது எப்படி?

1990 யூனில் இடம்பெயர்ந்த மயிலிட்டிக் கடற்றொழிலாளர்களில் ஒரு பகுதியினர் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை நலன்புரி முகாமில் நீண்டகாலம் வாழ்ந்தனர். மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளின் பின், 2017 யூலை 3 இல் விடுவிக்கப்பட்டது. தொழிலை மீளத் தொடங்குபவருக்கு, மீனில்லாமல் திரும்பும் ஒவ்வொரு நாளும் எரிபொருள் கடனாகிறது. எனவே, ஓடும் படகின் பின்னால் இழுக்கும் போலி இரையைக் கவனமாகத் தெரிவு செய்யவேண்டும்.

நிறத்துக்கு முன் இரையின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டைப் பாருங்கள். நீண்டு முன்னோக்கிச் சரிந்த தகடு இரையை ஆழத்துக்குக் கொண்டுபோகும். குட்டையாகச் செங்குத்தாக நிற்பது மேல்நீரில் ஓடும். மேல்நீரில் இரை துரத்தும் அறக்குளா, சீலாவுக்குக் குட்டைத் தகடு. பார்களை அண்டித் திரியும் பாரைக்கு நீண்ட தகடு. தங்கூசி மெல்லியதாக இருந்தாலும், கூடுதலாக விட்டாலும் இரை மேலும் தாழும்.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் இரைகளில், அங்குள்ள ஏரிகளில் மெதுவாக இழுத்து வோலாய் மீன் பிடிப்பதற்கானவையும் உண்டு. அவற்றின் மெல்லிய தூண்டில் முட்களைப் பெரிய கடல்மீன் நிமிர்த்திவிடும். உப்புநீரில் விரைவில் துருவும் ஏறும். தடித்த, துருப்பிடிக்காத முட்களை மாற்றிப் பூட்டுங்கள். அறக்குளாவும் சீலாவும் தங்கூசியைக் கடித்து அறுக்கும். இரைக்கு முன்னால் ஒரு முழம் கம்பி இணையுங்கள்.

தெளிந்த நீருக்கு வெள்ளி, நீல நிறங்களும் கலங்கிய நீருக்கு மஞ்சள் போன்ற எடுப்பான நிறங்களும் பொருந்தும்.

தங்கூசியை விடுமுன் படகருகே இழுத்துப் பாருங்கள். இரை ஒருபக்கம் சாய்ந்தால், தங்கூசி கட்டும் வளையத்தை எதிர்ப்பக்கமாகச் சற்று வளையுங்கள். கரை சேர்ந்ததும் நன்னீரில் கழுவி உலர்த்துங்கள்.