வடலூர் அடுப்புக்கு நிலம் கொடுத்தவங்க

வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியது 1867 மே 23. அன்னிக்குப் பத்த வச்ச அடுப்பு இன்னும் அணையல. வர்றவங்ககிட்ட சாதி, மதம் கேக்குறதில்ல. பசின்னு வந்தா சோறு. இது உங்களுக்கும் தெரிஞ்சதுதான். ஆனா இடம் யார் கொடுத்தது? பார்வதிபுரத்து ஜனங்க, சுமார் 80 காணி. ஒரு காணி 1.32 ஏக்கர்னா நூறு ஏக்கருக்கு மேலே வருது. வரப்பை ஒரு சாண் தள்ளி வெட்டினாலே பங்காளிக்குள்ள அடிதடி நடக்குற ஊர்க்காரன் நான். எனக்கு அந்தக் கணக்குதான் மலைப்பா இருக்கு.

அந்தப் பெருவெளியில் 2024ல் அரசாங்கம் சர்வதேச மையம் கட்டக் குழி தோண்டினப்போ அதே ஊர் ஜனங்க போய் மறிச்சாங்க. வள்ளலார் பேர்ல கட்டுறதையே தடுக்கலாமான்னு கேக்கலாம். தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்க லட்சக்கணக்குல ஜனம் வந்து நிக்கிறது அந்த வெட்டவெளியிலதான்.