இலவச நாட்களும் இலவச மணிகளும்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மீஞ்சூருக்குக் கிழக்கே, வங்கக் கடலோரம் 2013 முதல் இயங்கிவருகிறது. கும்மிடிப்பூண்டியில் ஆலை வைத்திருப்பவர் தமக்கென ஒரு துறைமுகம் கட்டிக்கொள்வதில்லை. பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்துகிறார். கப்பலிலிருந்து இறங்கிய சரக்குப் பெட்டிக்குச் சில நாட்கள் வாடகை இல்லை. அதன் பின் நாட்கணக்கில் வாடகை ஏறும். இது துறைமுகங்களின் பொதுவழக்கம். இதே முறையில்தான் இன்று கணிப்பொறியும் வாடகைக்குக் கிடைக்கிறது. அதற்கு மேகக் கணிமை என்று பெயர்.

இந்த எண்ணம் புதிதன்று. தொலைபேசியைப் போலக் கணிப்பொறியும் ஒருநாள் பொதுச்சேவை ஆகலாம் என்று ஜான் மெக்கார்த்தி 1961இல் கூறினார். அன்று ஒரு கணிப்பொறி அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். விலையோ பல இலட்சம் டாலர். ஒரே பொறியின் நேரத்தைக் கூறுபோட்டுப் பலருக்குப் பங்கிட்டால் என்ன? 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி அதைச் செய்து காட்டியது. நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் மாணவர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தினர். வணிக நிறுவனங்களோ இணைந்திருந்த நேரம், பொறி உழைத்த நொடிகள், சேமிப்பிடம் ஆகியவற்றை அளந்து பில் அனுப்பின. 1980களில் மேசைக் கணிப்பொறி பரவவே, இவ்வாணிகம் மங்கியது.

இணையம் அதற்குப் புத்துயிர் தந்தது. 2006இல் அமேசான் நிறுவனம், ஒரு கிகாபைட் தகவலை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட், ஒரு கணிப்பொறியை ஒரு மணி நேரம் இயக்க 10 சென்ட் என விலை வைத்தது. பத்து நிமிடம் ஓடினாலும் ஒரு மணிக்கான காசுதான். 2017இல் லினக்ஸ் பொறிகளுக்கு நொடிக்கணக்கு வந்தது.

2010 நவம்பரில் அந்நிறுவனம் புதியவர்களுக்கு ஓராண்டுச் சலுகை அளித்தது: மாதம் 750 மணி நேரம் சிறு பொறி ஒன்று இலவசம். ஏன் 750? 31 நாள் மாதத்தில் 744 மணிகளே உண்டு. ஆகவே ஒரு பொறி மாதம் முழுவதும் ஓடினாலும் செலவில்லை. இரண்டு பொறிகளை ஓடவிட்டாலோ, பதினாறாம் நாளே இலவசம் தீர்ந்துவிடும். அதன் பிறகும் பொறி தானாக நிற்காது. ஓடிய நேரத்துக்கெல்லாம் பணம் கேட்கும். அணைக்க மறந்த மாணவருக்கு மாத முடிவில்தான் அது தெரியவரும்.

2025 ஜூலையில் அந்த முறை மாறியது. புதிதாகச் சேர்வோர் இலவசத் திட்டத்தைத் தேர்ந்தால், 200 டாலர் வரை வரவு பெறலாம். வரவு தீர்ந்தாலோ ஆறு மாதம் முடிந்தாலோ கணக்கு மூடப்படும், பில் வராது. கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு அந்தத் தடுப்பு இல்லை.

எனவே, இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதை அளக்கிறார்கள்? எந்த அளவு வரை இலவசம்? எல்லை வந்ததும் பொறி நிற்குமா, மீட்டர் ஓடுமா? துறைமுகத்தில் பெட்டி வைத்திருப்பவர் நாட்களை எண்ணத் தவறுவதில்லை. நாமும் மணிகளை எண்ணப் பழகுவோம்.