எட்டு, ஏழு, இருபத்தொன்று

புறநானூற்றின் 28-ஆம் பாட்டில், சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடும் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், மக்கட் பிறப்பில் நேரும் குறைகளை எட்டாக வகுக்கிறார். குருடு, கூன், குறள், ஊமை, செவிடு என அப்பட்டியல் நீள்கிறது. பெரும்பாலும் கண்ட அளவிலோ, பேசிய அளவிலோ பிறர் அறிந்துகொள்ளும் குறைகள் இவை. உடலுக்குள் மறைந்து நாள்தோறும் அரிக்கும் நோய்க்கு அங்கே இடமில்லை. சங்கப் புலவரிடம் அதை எதிர்பார்ப்பது முறையன்று. ஆயினும், பல நூற்றாண்டுகளுக்குப் பின் இந்திய நாடாளுமன்றம் வகுத்த பட்டியலும் பெரிதும் அதே கண்கொண்டுதான் பார்த்தது.

1995-இல் நிறைவேறி, 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்த ஊனமுற்றோர் சட்டம் 7 வகைகளை ஏற்றது: பார்வையின்மை, குறைபார்வை, செவித்திறன் குறைவு, இயக்கக் குறைபாடு, மனவளர்ச்சிக் குறைவு, மனநோய், தொழுநோயிலிருந்து குணமடைந்த நிலை. இறுதியாகச் சொன்னதை உற்று நோக்குவோம். நோய் நீங்கியபின் அது விட்டுச்சென்ற உணர்விழப்புக்கும் உருக்குலைவுக்குமே அங்கு ஏற்பு. மனநோய் நீங்கலாக, சட்டம் நோயைக் காணவில்லை. அதன் தழும்பையே கண்டது.

ஹீமோபிலியா எனும் குருதி உறையா நோயில் இதன் விளைவு தெளிவாகும். மூட்டுக்குள் மீண்டும் மீண்டும் குருதி கசிந்தால் மூட்டு இறுகிவிடும். முழங்கால் மடங்காமற் போனவர் இயக்கக் குறைபாட்டின் பெயரால் சான்றிதழ் பெற வழியிருந்தது. அந்நிலை வராமற் காக்க மருந்துக்கு அலைந்தவருக்கு வழியில்லை. கடுந்தாலசீமியா உற்ற குழந்தைக்குச் சில வாரங்களுக்கொரு முறை பிறர் குருதி ஏற்றியாக வேண்டும். கைகால் நன்றாயிருந்தமையால், சட்டத்தின் முன் அது குறையற்ற குழந்தை.

உள்நாட்டு இயக்கங்களின் வற்புறுத்தலும், 2007-இல் இந்தியா ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையும் இந்நிலையை மாற்றின. 2016 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் 2017 ஏப்ரல் 19-இல் நடைமுறைக்கு வந்தது. வகைகள் 21 ஆயின. ஹீமோபிலியா, தாலசீமியா, அரிவாளணு நோய், பார்க்கின்சன் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகியன பெயர் சுட்டியே இடம்பெற்றன. நோய், தழும்பாகும் முன்பே சட்டத்தின் கண்ணில் பட்டது.

எனினும் அளவுகோல் மாறவில்லை. சலுகைகளுக்கு முன்போலவே 40 விழுக்காடு வேண்டும். ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கோ 80 விழுக்காடும் வறுமைக் கோட்டுக்குக் கீழான நிலையும் வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பலருக்கு ஏறியும் இறங்கியும் வருவது. மருத்துவக் குழுவின் முன் நடந்து சென்றவர் அடுத்த மாதம் படுக்கையில் கிடக்கலாம். அவருக்குரிய எண்ணை எந்த நாளில் எடுப்பது?

இன்னுமொரு முரணும் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு இடம் 21 வகையினர்க்கும் உரியது. அரசுப்பணிக்கான 4 விழுக்காட்டுப் பிரிவிலோ மேற்சொன்ன குருதி நோய்கள் மூன்றும் இல்லை. வகுப்பறையில் மாற்றுத்திறனாளி என நாம் ஏற்கும் தாலசீமியா மாணவர், பட்டம் பெற்று வேலை கேட்கும்போது அவ்வொதுக்கீட்டுக்கு வெளியே நிற்கிறார். வாரத்தில் இருமுறையோ மும்முறையோ குருதி சுத்திகரிப்புக்குச் செல்லும் சிறுநீரக நோயாளியோ பட்டியலிலேயே இல்லை.

பட்டியலை அறிவிக்கையால் விரிக்கும் அதிகாரத்தை அச்சட்டமே ஒன்றிய அரசுக்கு அளித்திருக்கிறது. எட்டும் ஏழும் இருபத்தொன்றும் முடிந்த கணக்குகள் அல்ல; ஒவ்வொரு காலமும் யாருடைய துன்பத்தைக் கண்டது என்பதற்கான சான்றுகள்.