கைமாறிய படை

யாழ்ப்பாணக் கோட்டைக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அகழியின் ஆழத்தையும் மதிலின் அகலத்தையும் பற்றியே பேசித் திரும்பியிருக்கிறேன். அம்மதில்மேல் இரவிற் காவல் நின்றவன் யாரென்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். "ஒல்லாந்தன்" என்றேன். அவ்விடை முற்றிலும் சரியன்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் சிப்பாய்களுட் பலர் ஜேர்மானியர், சுவிற்சர்லாந்தினர். சொந்த மண்ணிற் பிழைக்க வழியின்றி ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டுக் கப்பலேறிய ஏழைகள்.

அத்தகைய கூலிப்படை ஒன்றின் கதை இலங்கையிலிருந்து வட அமெரிக்கா வரை செல்கிறது. சுவிற்சர்லாந்துப் பகுதியான நெயுசாத்தெலைச் சேர்ந்த சார்ல்ஸ் டானியேல் டி மியூரன் என்ற பிரபு, 1781 இல் ஒல்லாந்தக் கொம்பனிக்காக ஒரு படையைத் திரட்டினார். அப்படை அவரது சொத்து. வயலைக் குத்தகைக்கு விடுவதுபோல அதை வாடகைக்கு விட்டார். நன்னம்பிக்கை முனையிற் சில ஆண்டு நின்றபின் அது இலங்கைக்கு வந்தது.

1795 இல் ஆங்கிலேயர் இலங்கையைக் கைப்பற்ற முனைந்தனர். பீரங்கியை மட்டும் அவர்கள் நம்பவில்லை. ஹியூ கிளெக்ஹோர்ன் என்ற ஸ்கொத்லாந்துப் பேராசிரியரை நெயுசாத்தெலுக்கு அனுப்பினர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அங்கே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. படை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. உரிமையாளருக்கு மேஜர் ஜெனரல் பதவி கிடைத்தது. கடலுக்கு அப்பால் இலங்கையில் நின்ற சிப்பாய்களை எவரும் கேட்கவில்லை. (செய்தி ஓர் ஒல்லாந்தப் பாற்கட்டியினுள் ஒளித்துக் கொழும்புக்கு அனுப்பப்பட்டதாக ஒரு கதை உண்டு. பேராசிரியர்களின் திறமை எதற்கெல்லாம் பயன்படுகிறது!) செப்டெம்பர் 28 இல் யாழ்ப்பாணக் கோட்டை போரின்றிப் பணிந்தது. மறு ஆண்டு பெப்ரவரியிற் கொழும்பும் வீழ்ந்தது. உரிமையாளரின் தம்பி பியர் பிரெடெரிக், 1797 இல் இலங்கையின் இராணுவ ஆளுநரானார். சென்னை அதிகாரிகள் விதித்த தென்னை வரி முதலியவற்றால் எழுந்த கிளர்ச்சியை விசாரித்த குழுவுக்குத் தலைவரும் அவரே.

சிப்பாயின் வழி வேறு. இந்தியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட படை, 1799 மே 4 இல் சிறீரங்கபட்டணத் தாக்குதலில் ஈடுபட்டது. திப்பு சுல்தான் வீழ்ந்த நாள் அது. பின் மத்தியதரைக் கடற் பகுதி. 1813 இற் கனடா. வழியெல்லாம் இறந்தோரின் இடத்தைப் புதியவர்கள் நிரப்பினர். ஜேர்மானியர், போலந்தினர், இத்தாலியர், நெப்போலியன் படையிலிருந்து பிடிபட்டோர். பெயர் மட்டுமே பழையதாயிருந்தது. 1816 இற் படை கலைக்கப்பட்டது.

வேலையற்று நின்ற அச்சிப்பாய்களுள் ஏறத்தாழ நூற்றுவரைச் செல்கேர்க் பிரபு சம்பளமும் நிலமும் தருவதாகக் கூறிச் சேர்த்துக்கொண்டார். ஹட்சன் குடாக் கொம்பனியின் ஆதரவுடன் செவ்வாற்றங்கரையில் அவர் நிறுவிய குடியேற்றத்துக்கும், தோல் வணிகம் செய்த வடமேற்குக் கொம்பனிக்கும் பகை மூண்டிருந்தது. அவ்வாண்டு யூன் 19 இல் செவன் ஓக்ஸ் என்னுமிடத்தில் ஆளுநர் செம்பிளும் அவரது ஆட்கள் ஏறத்தாழ இருபதின்மரும் கொல்லப்பட்டனர். எதிர்நின்றோர் மெற்றிஸ் மக்கள். ஐரோப்பிய வணிகருக்கும் பழங்குடிப் பெண்களுக்கும் பிறந்த அவர்கள் அந்நிலத்தைத் தமதென்றே கொண்டவர்கள். கூலிச் சிப்பாய்கள் ஓகஸ்டில் வில்லியம் கோட்டையைப் பிடித்தனர். 1817 சனவரியில், உறைபனியில் நடந்து சென்று, இரவில் ஏணி வைத்து ஏறி டக்ளஸ் கோட்டையையும் மீட்டனர்.

அவ்வாண்டு யூலையிற் செல்கேர்க் பழங்குடித் தலைவர் ஐவருடன் உடன்படிக்கை செய்தார். ஆற்றின் இரு கரையிலும், பெரும்பாலும் இரண்டு மைல் அகலத்துக்கு நிலம். ஈடாக இரு இனத்தாருக்கும் ஆண்டுதோறும் தலா 100 றாத்தல் புகையிலை. புகையிலைத் தோட்டங்களுக்கிடையே வளர்ந்த நமக்கு அதன் பெறுமதி தெரியும். ஒரு சிறு தோட்டத்து விளைச்சலுக்கு ஒரு நாடு!

சிப்பாய்களுக்கு ஆற்றங்கரையில் நிலம் கிடைத்தது. அவர்கள் நல்ல உழவரல்லர் என்று பழைய குறிப்புகள் பழிக்கின்றன. துப்பாக்கியன்றி வேறெதையும் அவர்களுக்கு யார் கற்பித்தார்? 1821 இற் சுவிற்சர்லாந்துக் குடும்பங்கள் சில வந்தபோது, மணமாகாத அச்சிப்பாய்கள் பெண்மக்களுள்ள வீட்டாரையே தம் குடிசைகளுக்கு விரைந்து அழைத்தனராம்.

1826 இற் செவ்வாறு பெருகிக் குடிசைகளை அள்ளிச் சென்றது. அவர்களுட் பெரும்பாலோர் தெற்கே ஐக்கிய அமெரிக்காவுக்குப் போயினர். அவர்களிருந்த கரைக்கு 1818 இற் கத்தோலிக்கக் குருமார் இட்ட பெயர் இன்றும் வழங்குகிறது: சென் பொனிபஸ், ஜேர்மானியரின் புனிதர் பெயர்.