கொட்டப்பட்டு முகாமும் குடியுரிமைக் காத்திருப்பும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தை ஒட்டியுள்ள கொட்டப்பட்டு, நகருக்கு வெளியே உள்ள வாழவந்தான்கோட்டை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான முகாம்கள் உள்ளன. இலங்கையில் 1983-இல் நடந்த கலவரத்துக்குப் பின் வந்தவர்களும் இங்கேயே பிறந்த பிள்ளைகளும் இவற்றில் வசிக்கின்றனர்.

இயல்புரிமை வழியில் குடியுரிமை பெற, 1955 குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 12 ஆண்டு வசிப்பைக் கேட்கிறது. கணக்குப்படி இவர்கள் அதை எப்போதோ கடந்துவிட்டார்கள். ஆனால் பாஸ்போர்ட், விசா இன்றி வந்தவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. அவர்களுக்கு அந்த ஆண்டுகள் கணக்கில் வராது. உயிர் தப்பப் படகேறியவரிடம் விசா கேட்கும் சட்டம் இது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு சமயத்தவருக்கு 2019 திருத்தம் காத்திருப்பை 5 ஆண்டாகக் குறைத்தது. அதில் இலங்கை இல்லை.

அகதி முகாம்களைச் சேர்ந்த 65 பேர், தாங்கள் இலங்கையின் மலையகத்துக்குப் போன இந்தியர்களின் வம்சாவளியினர் என வாதிட்டனர். அவர்கள் குடியுரிமைக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

பிறப்புவழி உரிமை வேறு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோரின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து கொட்டப்பட்டில் வாழும் பெண்ணுக்கு, இதன்படி பாஸ்போர்ட் வழங்க 2022-இல் அதே கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார்.